சென்னைத் தோட்ட வீடுகள்

சென்னைத் தோட்ட வீடுகள் என்பன, 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 19-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே ஆங்கிலேய அலுவலர்களும் வணிகர்களும் பரந்த தோட்டங்களின் நடுவே அமைத்துக்கொண்ட பெரிய குடியிருப்புகள் ஆகும். இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளின் வடிவத்தை இவை பின்பற்றின. எனினும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, செங்கல், கடற்காற்று, உள்ளூர்க் கொத்தனார்களின் கைத்திறன் ஆகியன சேர்ந்து அவ்வடிவத்தைப் பெரிதும் மாற்றிவிட்டன. நுங்கம்பாக்கம், எழும்பூர், சேத்துப்பட்டு, கீழ்ப்பாக்கம், தேனாம்பேட்டை, அடையாறு ஆகிய பகுதிகளில் இத்தகைய வீடுகள் மிகுதியாக இருந்தன. இன்று எஞ்சியுள்ளவை மிகச் சிலவே.

பெயர்

சென்னையில் "தோட்டம்" அல்லது "கார்டன்ஸ்" என முடியும் இடப்பெயர்கள் பல உள்ளன. போயஸ் தோட்டம், ஆண்டர்சன் கார்டன்ஸ், பைகிராப்ட்ஸ் கார்டன்ஸ் முதலியவை இவற்றுட் சில. இவ்விடங்களில் இன்று பூந்தோட்டம் எதையும் காண இயலாது. ஒரு காலத்தில் ஒரே வீட்டுக்கு உரியதாக இருந்த நிலப்பரப்பின் பெயர், அந்நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் தெருப் பெயராக நிலைத்துவிட்டது. சென்னையின் நில வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இப்பெயர்கள் நல்ல சான்றுகள் ஆகும்.

முன்மாதிரி: இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகை

இங்கிலாந்தில் நாட்டுப்புற மாளிகை என்பது வெறும் பெரிய வீடு அன்று. அது ஒரு பண்ணையின் தலைமையிடம். மாளிகையைச் சுற்றி மான்கள் மேயும் புல்வெளிப் பூங்காவும், அதற்கு அப்பால் குத்தகைக்காரர்கள் உழும் வயல்களும் இருக்கும். அவ்வயல்களின் வாரமே மாளிகையின் செலவுக்கு வழி. சொத்து முழுவதும் மூத்த மகனுக்கே செல்லும் வழக்கம் இருந்ததால், ஒரே குடும்பம் பல தலைமுறைகளாக ஒரே வீட்டில் வாழ்ந்தது.

18-ஆம் நூற்றாண்டில் இம்மாளிகைகளின் வடிவத்தை உருவாக்கியதில் இத்தாலியக் கட்டிடக் கலைஞரான ஆந்திரேயா பல்லாடியோவுக்குப் (1508–1580) பெரும் பங்குண்டு. அவர் 1570-இல் வெளியிட்ட நான்கு பாகங்கள் கொண்ட கட்டிடக்கலை நூல், வெனிசு நகரைச் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் அவர் கட்டிய வீடுகளின் படங்களையும் அளவுகளையும் தந்தது. பழைய உரோமக் கோயிலின் முகப்பை ஒரு வீட்டுக்குப் பொருத்தியது அவர் செய்த துணிவான செயல். தூண்கள் தாங்கும் வாயில் மண்டபம், அதன் மேல் முக்கோண முகடு, நடுவில் பெருங்கூடம், இரு பக்கமும் ஒன்றையொன்று ஒத்த அறைகள் என்ற அமைப்பு இதிலிருந்து வந்தது. 1715-இல் காலன் கேம்பெல் வெளியிடத் தொடங்கிய "விட்ரூவியஸ் பிரிட்டானிக்கஸ்" என்னும் படத்தொகுதி இப்பாணியை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. கட்டிடக் கலைஞர் இல்லாத ஊரிலும், படத்தைப் பார்த்து ஒருவர் இவ்வகை வீட்டைக் கட்டிவிடலாம். சென்னைக்கும் இது ஏறக்குறைய இவ்வழியிலேயே வந்தது. இங்கு கட்டியவர்களிற் பெரும்பாலோர் படைப் பொறியாளர்களும், நில அளவையாளர்களும், கட்டிட ஆர்வம் கொண்ட அலுவலர்களுமே அன்றிப் பயிற்சி பெற்ற கட்டிடக் கலைஞர்கள் அல்லர்.

தோற்றம்

கோட்டை தொடங்கிய முதல் நூறு ஆண்டுகளில் ஆங்கிலேயர் பெரும்பாலும் அதன் மதில்களுக்குள்ளேயே வாழ்ந்தனர். வெளியே இருந்த கும்பனியின் தோட்ட வீடு, 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அழிந்தது. 1749-இல் நகரம் திரும்பக் கிடைத்த பின், மதெய்ரோஸ் என்னும் போர்த்துக்கேய வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவருக்குச் சொந்தமாக இருந்த சேப்பாக்கம் வீட்டை ஆளுநருக்காகக் கும்பனி பெற்று, 1753-இல் விலைக்கு வாங்கியது. இதுவே பிற்காலத்து அரசினர் மாளிகையின் தொடக்கம் ஆகும்.

இருப்பினும் கோட்டைக்கு வெளியே வாழ்வது நெடுநாள் வரை அச்சத்துக்குரியதாகவே இருந்தது. 1758–59-இல் லாலியின் படை நகரை முற்றுகையிட்டது. ஐதர் அலியின் குதிரைப்படை 1769-இலும் 1780-இலும் சென்னையின் புறப்பகுதி வரை வந்தது. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த பின்னரே இவ்வச்சம் முற்றிலும் நீங்கியது. ஆகவே மதிலற்ற, நாற்புறமும் திறந்த இவ்வீடுகளின் பெருக்கத்தை ஒரு போர் வெற்றியின் விளைவாகவும் கருதலாம்.

இவை நாட்டுப்புற மாளிகை போலத் தோன்றினாலும் அடிப்படையில் வேறானவை. இவற்றைச் சுற்றிக் குத்தகை வயல்கள் இல்லை. சம்பளமும் வணிகமும் வட்டியும் ஈட்டிய அலுவலர் ஒருவர், தாயகம் திரும்பும் வரை வாழ்வதற்கான இடமே இது. அவர் ஊர் திரும்பினாலோ இறந்தாலோ வீடு ஏலத்துக்கு வந்தது. அடுத்து வாங்கியவரின் பெயரால் அதே வீடு வேறு பெயர் பெற்றது. ஆங்கிலேயருடன் வணிகத் தொடர்பு கொண்டிருந்த துபாசிகள் சிலரும் இவ்வீடுகளை வைத்திருந்து ஆங்கிலேயருக்கே வாடகைக்கு விட்டனர்.

கட்டிட அமைப்பு

இங்கிலாந்தில் வீட்டைத் திட்டமிடுபவரின் முதற் கவலை குளிரும் இருளும் ஆகும். வெயிலை உள்ளே வரவழைக்க வேண்டும், ஒவ்வொரு அறையிலும் கணப்பு வேண்டும், கூரையில் புகைபோக்கிகள் வேண்டும். சென்னையில் இக்கவலை தலைகீழானது. வெயிலை வெளியே நிறுத்த வேண்டும், பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும் கடற்காற்றை உள்ளே விட வேண்டும். கணப்பும் புகைபோக்கியும் மறைந்தன. கூரை தட்டையானது.

மிகப் பெரிய மாற்றம் தூண் வரிசையில் ஏற்பட்டது. பல்லாடியப் பாணியில் தூண் மண்டபம் முகப்புக்கு மட்டும் உரிய அணி. அதற்குப் பெருமை தருவதன்றி வேறு வேலை அதிகம் இல்லை. சென்னையில் அது நீண்டு, வீட்டின் இரண்டு அல்லது மூன்று பக்கங்களையும், சில வீடுகளில் நான்கு பக்கங்களையும் சுற்றி வந்து தாழ்வாரமாக மாறியது. சுவரில் நேரடியாக வெயில் படாமல் காப்பது, மழையிலும் சன்னலைத் திறந்து வைக்க உதவுவது, மாலையில் அமர்வதற்கு இடம் தருவது என இதற்கு மூன்று பயன்கள் இருந்தன. திண்ணையையும் தாழ்வாரத்தையும் காலங்காலமாக அறிந்த தமிழ்நாட்டுக்கு இது புதியது அன்று. அதற்குக் கிரேக்கத் தூண்களின் உடை அணிவிக்கப்பட்டதே புதியது.

தூண்களின் இடைவெளியில் மூங்கில் தட்டிகளோ, சாய்வான மரச்சட்டங்கள் கோத்த திரைகளோ தொங்கின. கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைக் கட்டி நீர் தெளிப்பர். அதனூடே வரும் காற்று, நீர் ஆவியாவதால் குளிர்ந்து அறைக்குள் நுழையும். அறைகளின் மேற்றளம் மிக உயரத்தில் இருந்ததால், சூடான காற்று மேலே சென்று, மேற்புறத் திறப்புகள் வழியே வெளியேறியது. ஈரமும் பூச்சியும் மிகுந்த கீழ்த்தளம் பெரும்பாலும் அலுவலகத்துக்கும் பண்டங்களை வைப்பதற்கும் பயன்பட, குடும்பம் மாடியில் வாழ்ந்தது. முதன்மைத் தளத்தை உயர்த்தி அமைப்பது இத்தாலிய மாளிகைகளிலும் உள்ள வழக்கமே. அங்கு மதிப்புக்காக உயர்ந்த தளம் இங்கு காற்றுக்காக உயர்ந்தது. சமையற்கூடம் நெருப்பு, புகை ஆகியவற்றுக்கு அஞ்சி வீட்டிலிருந்து தள்ளித் தனிக் கட்டிடமாக அமைந்தது. பணியாளர் குடியிருப்பும் குதிரைலாயமும் வளாகத்தின் பின்புறம் இருந்தன.

நீலகிரியில் நிலைமை வேறு. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகமண்டலத்தில் கட்டத் தொடங்கிய "கல் பங்களா" முதலாக, அங்குள்ள வீடுகளில் கணப்பும் புகைபோக்கியும் மீண்டும் தோன்றின. வடிவத்தைத் தீர்மானித்தது தாயகப் பற்றை விடத் தட்பவெப்பமே என்பதற்கு இது போதிய சான்று.

சுண்ணாம்புப் பூச்சு

இவ்வீடுகளின் சிறப்புக்கு முதற் காரணம் அவற்றின் மேற்பூச்சு ஆகும். 1780-ஆம் ஆண்டளவில் சென்னைக்கு வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், நீண்ட தூண் வரிசைகளும் திறந்த மண்டபங்களும் கொண்ட இந்நகரைப் பழங்காலக் கிரேக்க நகரம் ஒன்றுடன் ஒப்பிட்டு எழுதினார். அவர் கண்ட வெண்மை சலவைக்கல் அன்று. சென்னைச் சுற்றுப்புறத்தில் கிடைக்கும் கருங்கல் செதுக்குவதற்குக் கடினமானது. ஆகவே தூண்கள் செங்கல்லால் கட்டப்பட்டு, சுண்ணாம்பினால் மூடப்பட்டன. ஆங்கிலேயர் வாயில் "சுனம்" என மருவிய இச்சொல் அப்படியே ஆங்கில அகராதிகளில் ஏறியது.

இதற்கான சுண்ணாம்பு கல்லிலிருந்து அன்றிக் கிளிஞ்சல்களிலிருந்து பெறப்பட்டது. கடற்கரையிலும் உப்பங்கழிகளிலும் திரட்டிய கிளிஞ்சல்களைக் காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, மணலுடன் சேர்த்து அரைப்பர். கிளிஞ்சல் சுண்ணாம்பில் மண், களி முதலிய கலப்புகள் குறைவு. அதனால் வெண்மையும் நுண்மையும் மிகுதி. பூச்சு மூன்று படைகளாக அமையும். முதற் படையில் மணல் அதிகம். அதில் வெல்லம் கரைத்த நீர் சேர்ப்பதுண்டு. அடுத்தடுத்த படைகளில் மணல் குறைந்து சுண்ணாம்பு கூடும். இறுதிப் படைக்கான சுண்ணாம்பை வெண்ணெய் போல் ஆகும்வரை அம்மியில் அரைத்து, முட்டையின் வெண்கரு, தயிர், நெய் ஆகியவற்றைக் கலப்பர். சிலர் மாக்கல் பொடியும் சேர்ப்பர். மிக மெல்லியதாகப் பூசிய இப்படையை, அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். வியர்வை போல் கசியும் நீரைத் துணியால் ஒற்றியெடுத்து மீண்டும் தேய்ப்பர். இறுதியில் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு வரும்.

இக்கலவையின் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகுகிறது. வெண்கருவிலும் தயிரிலும் உள்ள புரதங்கள் சுண்ணாம்புத் துகள்களைப் பிணைக்கின்றன. நெய் நீரை விலக்குகிறது. தேய்ப்பதனால் துகள்களிடையே உள்ள நுண்துளைகள் அடைபடுகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இன்றும் காணப்படும் பளபளப்பு இதே மரபைச் சேர்ந்தது. தோட்ட வீடுகளைக் கட்டச் சொன்னவர்களின் பெயர்கள் தெருப் பெயர்களாக நிலைத்துள்ளன. இப்பூச்சைப் பூசிய கொத்தனார்களின் பெயர்கள் எந்தத் தெருவுக்கும் இல்லை.

மேற்றளம்

கூரையும் உள்ளூர்த் தொழில்நுட்பமே. இதனைக் கட்டிடத் தொழிலாளர் "மெட்ராஸ் டெரஸ்" என்பர். தேக்கு உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையால் ஒட்டுவர். கீழே சாரம் ஏதும் தேவையில்லை. முன் வரிசையைப் பற்றிக்கொண்டே அடுத்த வரிசை நிற்கும். அதன் மேல் உடைத்த செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரத் தட்டுப்பலகைகளால் பல நாட்கள் தட்டுவர். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்ல நீரையும் அவ்வப்போது தெளிப்பர். கலவை இறுகிய பின் தட்டோடு பதிப்பர். இவ்வளவு கனமான கூரை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்துவதால், பகல் வெயில் உள்ளே இறங்குவதற்குள் மாலையாகிவிடும். உத்தரங்களின் நுனி சுவருக்குள் ஈரம்பட்டு உளுத்துப் போவதே இக்கூரையின் முதன்மையான குறைபாடு. இன்று இடிந்து கிடக்கும் பழைய வீடுகளிற் பல இவ்வாறே சரிந்தவை.

குறிப்பிடத்தக்க வீடுகள்

அரசினர் மாளிகையும் விருந்து மண்டபமும்: 1798 முதல் 1803 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) சேப்பாக்கம் வீட்டைப் பெரிதாக்கி, அதனருகே ஒரு விருந்து மண்டபத்தையும் கட்டச் செய்தார். இரண்டையும் வடிவமைத்தவர் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் கோல்டிங்காம். 1802-இல் நிறைவடைந்த மண்டபம், உயர்ந்த மேடை, அகன்ற படிக்கட்டு, தூண் வரிசை, முக்கோண முகடு ஆகியவற்றுடன் ஒரு கிரேக்கக் கோயிலை ஒத்தது. பிளாசி, சீரங்கப்பட்டணம் ஆகிய வெற்றிகளின் நினைவாக இது எழுப்பப்பட்டது. சுற்றியுள்ள தாழ்வாரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்க்கப்பட்டதாகும். விடுதலைக்குப் பின் இது இராசாசி மண்டபம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கா. ந. அண்ணாதுரை (1969), ம. கோ. இராமச்சந்திரன் (1987), ஜெ. ஜெயலலிதா (2016), மு. கருணாநிதி (2018) ஆகியோரின் உடல்கள் பொதுமக்கள் அஞ்சலிக்காக இம்மண்டபத்தில் வைக்கப்பட்டன. வெற்றி விருந்துக்காகக் கட்டிய படிக்கட்டைத் தமிழ்நாட்டு மக்கள் இன்று வேறொரு காரணத்துக்காகவே நினைவில் வைத்துள்ளனர்.

பிராடி கோட்டை: கும்பனி அலுவலரான ஜேம்ஸ் பிராடி அடையாற்றின் வட கரையில் 1796–98-இல் கட்டிய வீடு. பல்லாடியப் பாணியிலிருந்து விலகி, கோபுரங்களுடன் ஒரு சிறு கோட்டை போல அமைந்தது. ஆற்றின் அருகே வீடு கட்டிய பிராடி, அந்த ஆற்றிலேயே படகு விபத்தில் இறந்தார். 1950-களில் கருநாடக இசைக் கல்லூரி இங்கு இடம்பெயர்ந்தது. "தென்றல்" என்ற பெயரும் இவ்வீட்டுக்கு உண்டு. காற்றை எதிர்பார்த்துக் கட்டிய வீட்டுக்கு இது பொருத்தமான பெயரே. தற்போது இவ்வளாகம் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமாக உள்ளது.

மௌப்ரே வீடு: 1771-இல் சென்னைக்கு வந்த ஜார்ஜ் மௌப்ரே, அடையாற்றங்கரையில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டியது. கூரையின் நடுவே உள்ள குவிமாடம் இதன் அடையாளம். பின்னர் அடையாறு கிளப்பின் இடமாகி, 1963-இல் அது சென்னை கிளப்புடன் இணைந்தபின் இன்றுவரை கிளப்பாகவே உள்ளது. இவ்வீட்டுக்குச் செல்லும் வழியாக இருந்த மௌப்ரேஸ் சாலையே இன்றைய டி. டி. கே. சாலை.

கிண்டி மாளிகை: 1820-களில், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்த காலத்தில் அரசுக்கு உரியதானது. தற்போது தமிழ்நாட்டு ஆளுநரின் இருப்பிடம். இங்கிலாந்தின் மான் பூங்காவுக்கு மிக நெருங்கிய சென்னை எடுத்துக்காட்டு இதுவே. மாளிகையைச் சூழ்ந்த காட்டின் பெரும்பகுதி பின்னர் வனத்துறைக்கு மாற்றப்பட்டு, ஏறத்தாழ 2.7 சதுர கி.மீ. பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவாகியது. வெளிமானும் புள்ளிமானும் நகரின் நடுவே வாழ்வதற்கு ஒரு தோட்ட வீட்டின் எல்லைச் சுவர் காரணமாக அமைந்தது.

நுங்கம்பாக்கத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட டவ்டன் மாளிகை, 1916 முதல் மகளிர் கிறித்தவக் கல்லூரியிடம் உள்ளது. எழும்பூரில் ஹால் பிளமர் என்பவருக்கு 1778-இல் வழங்கப்பட்ட நிலத்திலிருந்த "பாந்தியன்", ஆங்கிலேயர் நடனமாடவும் நாடகம் பார்க்கவும் கூடும் இடமாகியது. 1850-களில் அங்கு அருங்காட்சியகம் குடியேறியது. பாந்தியன் சாலை என்ற பெயருக்குக் காரணம் இதுவே.

பணம் சென்ற வழி

இங்கிலாந்திலிருந்து வடிவம் வந்தது எனில், இங்கிருந்து பணம் சென்றது. இரண்டையும் சேர்த்து நோக்காவிடில் இக்கட்டிடங்களின் வரலாறு பாதியாகவே நிற்கும். ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, கும்பனி அலுவலர்களிடம் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கி, அதற்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியைத் தண்டும் உரிமையை எழுதிக் கொடுத்தார். நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரை, திருவண்ணாமலையும் உள்ளிட்டு, நவாபின் ஆட்சிப் பரப்பு விரிந்திருந்தது. கடன் கொடுத்தவர்களில் பெயர் பெற்றவர் பால் பென்பீல்ட். இக்கடன்களைக் கண்டித்து எட்மண்ட் பர்க் 1785-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை புகழ்பெற்றது.

இங்கிலாந்தின் ஹார்ட்போர்ட்சையரில் உள்ள உட்ஹால் பார்க் மாளிகை, தாமஸ் லெவர்டன் வடிவமைக்க 1777-இல் தொடங்கப்பட்டது. கட்டியவர் அடுத்த ஆண்டு சென்னை ஆளுநரான தாமஸ் ரம்போல்ட். பின்னர் அதை வாங்கியவர் மேற்கூறிய பென்பீல்டே. அவர் நொடித்துப்போக, 1801-இல் அது சாமுவேல் ஸ்மித் என்ற வங்கியாளரிடம் சென்றது. 1763–67-இல் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக், டெவன் பகுதியில் ஹால்டன் மாளிகையை வாங்கினார். சென்னைப் படைத் தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்சின் நினைவாக அவர் 1788-இல் அங்கு எழுப்பிய முக்கோண வடிவக் கோபுரம் இன்றும் உள்ளது. பாக்கு நீரிணைக்குப் பெயர் தந்தவர் இவரே. எட்வர்ட் கிளைவ் சென்னையில் வெற்றி மண்டபம் கட்டினார். அவர் குடும்பத்தின் வழி வேல்சு நாட்டின் போவிசு கோட்டைக்குத் திப்புவின் கூடாரமும் பிற பொருட்களும் சென்று சேர்ந்தன. இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட அறிக்கை, தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியுடனும் அடிமை வணிகத்துடனும் தொடர்பு இருந்ததை ஒப்புக்கொண்டது.

அழிவும் பாதுகாப்பும்

20-ஆம் நூற்றாண்டில் இரு நாடுகளிலும் இவ்வகை வீடுகள் பெருமளவில் இடிக்கப்பட்டன. காரணங்கள் வேறு. இங்கிலாந்தில் மரபுரிமை வரியும், நில வருவாய்க் குறைவும், பணியாளர் கிடைக்காமையும் குடும்பங்களை வெளியேற்றின. சென்னையிலோ வீட்டை விட நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. பல தலைமுறைப் பிணைப்பு இல்லாத வீட்டை மனைகளாகப் பிரிப்பதில் தயக்கம் எழவில்லை. அண்ணா சாலையில் சென்னை கிளப்பின் பழைய இல்லமாக இருந்த பெரிய கட்டிடம் இடிக்கப்பட்டு, அவ்வளாகத்தில் 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம் திறக்கப்பட்டது. அரசினர் மாளிகையும் 2008-ஆம் ஆண்டளவில் புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. அப்புதிய கட்டிடம் 2014 முதல் அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக இயங்குகிறது. 250 ஆண்டுகளுக்கு மேல் நின்ற வீடு போனது ஒரு சட்டமன்றத்துக்காக. சட்டமன்றமோ அங்கு நிலைக்கவில்லை.

எஞ்சியவை பெரும்பாலும் கல்லூரி, கிளப், அரசு அலுவலகம் என ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கையில் உள்ளவை. ஆயினும் நிறுவனத்தின் பயன்பாடு எப்போதும் பாதுகாப்பு ஆகிவிடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் காற்றில் வெளிவிடும் இயல்புடையது. அதன் மேல் சிமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொடியத் தொடங்கும். பழுது பார்ப்பதாக எண்ணிச் செய்யப்படும் இவ்வேலையால் சேதமடைந்த கட்டிடங்கள் பல. தாழ்வாரங்களைச் சுவரெழுப்பி அறைகளாக்குவதும், குளிரூட்டிகளுக்காகச் சன்னல்களை அடைப்பதும் காற்றோட்டத்தைக் கெடுத்து இதே விளைவைத் தருகின்றன.

2010-இல் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நகரின் 467 மரபுச் சின்னக் கட்டிடங்களின் பட்டியலைக் கருத்தில் கொண்டு, அவற்றைக் கவனிக்க மரபுப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்கப் பணித்தது. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சை அறிந்த கொத்தனார்களைத் தேடி, பழுதுபார்ப்போர் இன்று பெரும்பாலும் காரைக்குடிப் பகுதிக்கே செல்கின்றனர்.